உயர்கல்வியின் சர்வதேசமயமாக்கம்: ஊவாவை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

பல்கலைக்கழகம் என்னும் நிறுவனம் தோன்றிய காலந்தொட்டே நாட்டெல்லைகளைக் கடந்து இயங்கி வந்துள்ளது. சீனத்திலிருந்து யுவான் சுவாங் நாளந்தாவுக்கு வந்து பயின்றமையும், மத்தியகால ஐரோப்பாவிற் பொலோஞா, பாரிசு ஆகிய நகரங்களைப் பல தேசத்து மாணவரும் நாடிச் சென்றமையும் வரலாறு அறிந்த செய்திகளாகும். ஆயின் இன்று உயர்கல்வியின் சர்வதேசமயமாக்கம் என்ற தொடராற் குறிக்கப்படுவது அறிவு தேடும் தனிமனிதரின் இடப்பெயர்வு மட்டுமன்று. அது திட்டமிட்டுச் செய்யப்படும் ஒரு கருமம். அதற்கு இலக்குகள் உண்டு; கால அட்டவணை உண்டு; அளவீடுகள் உண்டு; ஒதுக்கப்பட்ட நிதியும் உண்டு. எனவே, திட்டமிடப்படும் ஏனைய கருமங்களைப் போலவே இதனையும் நோக்கி, இது யாருக்காகத் திட்டமிடப்படுகின்றது, இதனுள் அடங்குவோர் யாவர், அடங்காதோர் யாவர் என்ற வினாக்களை எழுப்புதல் விமர்சனத்தின் கடமையாகின்றது.

இவ்வினாக்களை எழுப்புதற்கு ஊவா மாகாணம் பொருத்தமானதொரு களமாகும். பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்ததே ஊவா. மேற்கே அப்புத்தளை, பண்டாரவளை, பசறை, மடுல்சீமை எனத் தேயிலை மலைகள்; கிழக்கே மொனராகலை, பிபிலை, புத்தளை என உலர்வலயத்து வயல்களும் சேனைகளும் கரும்புத் தோட்டங்களும் இறப்பர்த் தோட்டங்களும். 2005ஆம் ஆண்டில் இம்மாகாணத்துக்கெனப் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தைப் போதனாமொழியாகவும் உலகச் சந்தையைத் தன் நோக்கெல்லையாகவும் கொண்டது. பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியிலே அது அமைந்துள்ளது. அதே வீதி தேயிலைத் தோட்டங்களை ஊடறுத்து மொனராகலைப் பக்கமாக இறங்குகின்றது. உலகை நோக்கித் திறந்த ஒரு கல்வி நிலையமும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களும் எவ்வகையில் உறவு கொண்டுள்ளன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் அதன் பொருளும்

சர்வதேசமயமாக்கம் என்பதற்குப் பரவலாக எடுத்தாளப்படும் வரைவிலக்கணம் கனடா நாட்டு ஆய்வாளர் ஜேன் நைற் 2003இல் வகுத்ததாகும். உயர்கல்வியின் நோக்கம், பணிகள், அதனை வழங்கும் முறை ஆகியவற்றினுள் சர்வதேச, பல்பண்பாட்டு, உலகளாவிய பரிமாணமொன்றை ஒன்றிணைக்கும் செயன்முறை என்பது அதன் சாரம். இவ்வரைவிலக்கணத்தின் சிறப்பும் குறையும் ஒன்றே. அது எவர் மீதும் எதனையும் திணிக்கவில்லை. அதனாலேயே எதற்கும் இடமளித்துவிடுகின்றது. வெளிநாட்டு மாணவரிடம் கட்டணம் அறவிடுவதும் சர்வதேசமயமாக்கமே. அகதி மாணவனுக்கு இடமளிப்பதும் சர்வதேசமயமாக்கமே. பின்னர் 2015இல் ஐரோப்பிய பாராளுமன்றத்துக்கென ஹான்ஸ் டி விற் முதலானோர் தயாரித்த ஆய்வு இவ்வரைவிலக்கணத்துக்கு இரு திருத்தங்களைச் சேர்த்தது. இச்செயன்முறை எல்லா மாணவரதும் ஆசிரியரதும் கல்வித் தரத்தை உயர்த்துவதற்காகவும், சமூகத்துக்குப் பொருள்பொதிந்த பங்களிப்பினை ஆற்றுவதற்காகவும் மேற்கொள்ளப்படுவதாக இருத்தல் வேண்டும் என்பனவே அவை. அதுவரை நோக்கமெதனையும் வற்புறுத்தாதிருந்த ஒரு சொல்லுக்கு நோக்கம் கற்பிக்க வேண்டிய தேவை அறிஞர்களுக்கே ஏற்பட்டமை மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் நடைமுறையில் திட்டமிடுவோரின் கைகளை இயக்குவது வரைவிலக்கணமன்று, அளவீடே. பல்கலைக்கழகங்களை உலகளாவிய நிலையில் நிரற்படுத்தும் கியூ.எஸ். தரவரிசையில் வெளிநாட்டு ஆசிரியர் விகிதத்துக்கு 5 வீதமும் வெளிநாட்டு மாணவர் விகிதத்துக்கு 5 வீதமும் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசை சர்வதேச நோக்கு என்னும் தலைப்பின் கீழ் 7.5 வீதத்தை ஒதுக்குகின்றது. இவ்வளவீடுகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. கடவுச்சீட்டின் நிறத்தை அவை எண்ணுகின்றன. ஒரு பல்கலைக்கழகத்தில் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த மாணவன் ஒருவன் சேர்ந்தால் அதன் சர்வதேசத் தன்மை கூடுகின்றது. மூன்று மைல் தொலைவிலுள்ள தோட்டமொன்றிலிருந்து, தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் காணும் பெண்ணொருத்தி சேர்ந்தால் எந்த அட்டவணையிலும் எந்தப் புள்ளியும் ஏறுவதில்லை. அளக்கப்படுவது வளரும்; அளக்கப்படாதது மறக்கப்படும். திட்டமிடலின் இயல்பு அதுவே.

இலங்கையின் அனுபவம்

இலங்கையின் உயர்கல்விக்குச் சர்வதேசத் தன்மை புதியதன்று. உண்மையில் அது சர்வதேச நிலையிலேயே பிறந்தது எனலாம். 1921இல் தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கு மாணவரைத் தயார்செய்தது. பாடத்திட்டம் இலண்டனில் வகுக்கப்பட்டது. விடைத்தாள்கள் அங்கேயே திருத்தப்பட்டன. பட்டமும் அங்கிருந்தே வந்தது. இன்றைய மொழியிற் கூறின், இதனினும் நிறைவான சர்வதேசமயமாக்கம் வேறில்லை. ஆயின் 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் வழி நாட்டுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென வாதாடிய பொன்னம்பலம் அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி முதலியோர் இத்தகைய கல்வியையே குறைகண்டனர். உலக அறிவு அவர்களுக்குப் பகையன்று. இருவரும் உலக அறிவிலே திளைத்தவர்கள். தன் மண்ணின் மொழியையும் வரலாற்றையும் கலைகளையும் கண்டுகொள்ளாத அறிவு உலக அறிவாகாது என்பதே அவர்தம் வாதத்தின் உட்பொருள்.

1942இல் ஐவர் ஜெனிங்ஸின் தலைமையில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. நிறுவனம் நாட்டினுடையதாயிற்று, மொழி ஆங்கிலமாகவே இருந்தது. 1960இலிருந்து கலைத்துறையிற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. பல்கலைக்கழக வாயில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அகலத் திறந்தது இக்காலத்திலேயே. ஆயின் திறந்த வாயிலினூடாக நுழைந்தோருக்கு வெளியேறும்போது தொழில் கிட்டவில்லை. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் கற்ற இளைஞர் பெருந்தொகையினராகப் பங்குகொண்டமைக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. இவ்வனுபவத்தின் நிழல் இன்றும் உயர்கல்வித் திட்டங்களின் மீது படிந்துள்ளது. தொழிற்சந்தைக்கு ஏற்ற பட்டதாரி, உலகச் சந்தைக்கு ஏற்ற பட்டதாரி என்னும் கோரிக்கைகள் வெறுமனே வெளியாரால் விதைக்கப்பட்டவை அல்ல. உள்நாட்டு ஏமாற்றத்தின் விளைவுகளுமாகும்.

அண்மைக்காலக் கட்டத்தில் இக்கோரிக்கைகளுக்கு வடிவம் கொடுத்தது உலக வங்கியின் கடனுதவியாகும். பட்டப்படிப்பின் பொருத்தப்பாட்டையும் தரத்தையும் மேம்படுத்தும் செயற்றிட்டம் 2003இலும், 21ஆம் நூற்றாண்டுக்கான உயர்கல்விச் செயற்றிட்டம் 2010இலும், உயர்கல்வியை விரைந்து விரிவாக்கும் செயற்றிட்டம் 2017இலும் தொடங்கப்பெற்றன. இறுதியாகக் கூறப்பட்டதற்கு மட்டும் பத்துக்கோடி டொலர் கடனாக வழங்கப்பட்டது. 2012இல் வெளிவந்த இலங்கைத் தகைமைச் சட்டகம் இந்நாட்டுப் பட்டங்களைப் பிறநாட்டுப் பட்டங்களோடு ஒப்பிடத்தக்கதாக்கியது. இவற்றால் விளைந்த நன்மைகள் மறுக்கற்பாலன அல்ல. ஆய்வுகூடங்கள் புதுப்பிக்கப்பட்டன, தர உறுதிப்பாடு பேசப்படலாயிற்று, ஆசிரியர் பலர் உயர்பட்டம் பெற வழி ஏற்பட்டது. எனினும் கடன் பெற்றுத் திட்டமிடும் பல்கலைக்கழகம் கடன் கொடுத்தோனின் அளவுகோலாலேயே தன்னை அளக்கப் பழகிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

இக்கட்டங்கள் அனைத்திலும் மலையகத் தோட்டத் தொழிலாளர் எங்கிருந்தனர் என்ற வினா இங்கு எழுகின்றது. பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்குவதற்கு முந்திய ஆண்டான 1920இல் இயற்றப்பட்ட கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் தலையிற் சுமத்தியது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது அதன் பயன் தோட்டப் பாடசாலைகளை உரியவாறு எட்டவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் அவர்களைத் தொகை பிரித்தது. தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியிலேயே பரவலாக அரசின் கைக்கு வரத்தொடங்கின. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல். அதற்கு இரண்டாண்டுகளின் பின்னர் ஊவாவில் உலகை நோக்கிய பல்கலைக்கழகம் எழுந்தது. நாட்டின் பிரசைகளாக முழுமையாக ஏற்கப்பட்டு இரண்டாண்டு கழியுமுன், உலகப் பிரசைகளை உருவாக்கும் நிறுவனமொன்றின் அயலவராக அவர்கள் ஆயினர். இக்காலப் பொருத்தம் ஒரு தற்செயலாயினும் அது சுட்டும் உண்மை தற்செயலானதன்று.

பெறுமதி சேர்ப்பு

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட தொடர் பெறுமதி சேர்ப்பு என்பதாகும். நாட்டின் இயற்கை வளங்களை மூலப்பொருளாகவே ஏற்றுமதி செய்யாது, அவற்றுக்கு அறிவின் மூலம் பெறுமதி சேர்த்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை எண்ணம். இது நல்லதோர் எண்ணம் என்பதில் ஐயமில்லை. குடியேற்றவாதம் விட்டுச்சென்ற பொருளாதாரத்தின் மையக் குறைபாட்டையே அது சுட்டுகின்றது. தேயிலைத் தொழில்நுட்பம், தென்னை முதலிய மரப்பயிர்களும் இறப்பர்ப்பாலும், ஏற்றுமதி விவசாயம், விலங்கு விஞ்ஞானம், கனிய வளங்கள், கணினி, முயற்சியாண்மை என அங்கு வகுக்கப்பட்ட கற்கைநெறிகள் வேறெந்தப் பல்கலைக்கழகத்தையும் வெறுமனே நகல்செய்தவை அல்ல. ஊவாவின் மண்ணில் விளைவனவற்றை எண்ணிப்பார்த்து வகுக்கப்பட்டவை. தேயிலைக்கென ஒரு பட்டத்தைத் தேயிலை மலைகளின் நடுவே வைத்து வழங்கத் துணிந்தமை பாராட்டுக்குரியது.

ஆயின் இங்கு ஒன்று நோக்கற்பாலது. பெறுமதி சேர்ப்பு என்ற தொடரில் பெறுமதி எதற்குச் சேர்க்கப்படுகின்றது? கொழுந்துக்கு. கொழுந்து பறிப்பவளுக்கு அன்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவின் வறள்காற்று வீசும் பருவத்தில் அங்குள்ள தேயிலைக்குத் தனியொரு மணமும் சுவையும் ஏறுகின்றன. அம்மணத்துக்காக உலகச் சந்தையில் அது தேடி வாங்கப்படுகின்றது. அம்மணத்தின் இரசாயனம் ஆய்வுக்குரியது. அதனைக் கெடாது பேணும் தொழில்நுட்பமும் ஆய்வுக்குரியது. அதே காற்றில் நின்று நாளொன்றுக்குக் குறித்த நிறை கொழுந்து பறித்தாலன்றி முழுப்பேர் விழாது என்ற நிலையில் வாழ்பவளின் உழைப்பும், அவள் குடியிருக்கும் லயமும், அவள் பேசும் மொழியும், அவள் பாட்டி நடந்து வந்த வழியும் ஆய்வுக்குரியன அல்லவோ? மனிதரை விடுத்துப் பயிரை மட்டும் கற்கும் தேயிலைக் கல்வி, தோட்டத்துரை காலத்துப் பார்வையையே புதிய ஆய்வுகூடத்தினுள் இருத்திவிடக் கூடும்.

இவ்விடத்து வெல்லஸ்ஸ என்ற பெயரையும் சிந்தித்தல் தகும். இன்றைய மொனராகலை மாவட்டத்தைப் பெரிதும் உள்ளடக்கிய பழைய வெல்லஸ்ஸ, 1817–1818இல் பிரித்தானிய ஆட்சிக்கெதிராக எழுந்த பெருங்கிளர்ச்சியின் களமாகும். அக்கிளர்ச்சி அடக்கப்பட்டபோது வயல்களும் வாழ்விடங்களும் அழிக்கப்பட்டன. அவ்வழிவிலிருந்து அப்பகுதி மீள நெடுங்காலம் சென்றது. ஊவாவின் ஒரு பாதியை வறுமைக்குள் தள்ளிய அதே ஏகாதிபத்தியம் மறுபாதிக்குத் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளைக் கொண்டுவந்து சேர்த்தது. சிங்கள விவசாயியும் தமிழ்த் தோட்டத் தொழிலாளியும் தத்தமக்கே உரிய வழிகளில் உலக வரலாற்றினாற் பாதிக்கப்பட்டோரே. தன் பெயரில் இரு வரலாற்றுக்கும் இடமளிக்கத்தக்க பல்கலைக்கழகம், அவ்விரண்டையும் ஒருசேரக் கற்பிக்கும் வாய்ப்பினைப் பெற்றுள்ளது.

வாயிலுக்கு வெளியே

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தின் மக்கட்டொகை எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டது. அதில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் தமிழர். மொனராகலையிற் தமிழர் தொகை மிகச் சிறிது. இறப்பர்த் தோட்டங்களையும் சிறுநகரங்களையும் சார்ந்து அவர்கள் சிதறி வாழ்கின்றனர். இப்பிள்ளைகள் தம் மாகாணத்திலேயே அமைந்துள்ள பல்கலைக்கழகத்தின் வாயிலை அடைவதற்கு மூன்று படிகளைக் கடத்தல் வேண்டும்.

முதலாவது படி பாடத்துறை. தேயிலைத் தொழில்நுட்பம் போன்ற நெறிகளிற் சேர க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானத் துறையிற் சித்தியடைந்திருத்தல் வேண்டும். தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளுள் விஞ்ஞான, கணிதத் துறைகளை உயர்தரம் வரை முறையாகக் கற்பிப்பவை சிலவே. ஆய்வுகூடம் இருப்பின் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் வரின் நிலைப்பதில்லை. விளைவாகத் திறமைமிக்க மாணவரும் கலைத்துறையை நாடுகின்றனர். அது விருப்பத்தால் நேர்ந்ததன்று, வழியின்மையால் நேர்ந்தது. மொனராகலைத் தமிழ் மாணவர் விஞ்ஞானம் கற்க விரும்பின் பெரும்பாலும் வீட்டை விட்டு வேறு நகர்களிற் தங்கியே கற்க நேர்கின்றது. நாட்கூலிக் குடும்பமொன்றுக்கு அது எளிதன்று. இவ்வாறு, தேயிலைக்கெனத் தொடங்கப்பட்ட பட்டம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கே எட்டாக்கனியாகும் முரண்நிலை தோன்றுகின்றது.

இரண்டாவது படி அனுமதி முறை. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட மக்கட்டொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கெனவும் இடங்கள் பகிரப்படுகின்றன. ஊவாவின் இரு மாவட்டங்களும் அப்பதினாறினுள் அடங்கும். நீதி கருதி ஏற்பட்ட முறையே இது. ஆயின் அதன் அலகு மாவட்டம். பதுளை நகரத்து வசதிமிக்க பாடசாலையும் மடுல்சீமை மலையுச்சியிலுள்ள பாடசாலையும் ஒரே மாவட்டத்தின் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றன. பின்தங்கிய மாவட்டம் என்னும் குடையின் கீழ், பின்தங்கிய மாவட்டத்தினுள்ளும் பின்தங்கியோர் கண்ணிற் படாது போகின்றனர்.

மூன்றாவது படி மொழி. தமிழில் உயர்தரம் கற்று வரும் மாணவர் முதல் நாளிலிருந்தே ஆங்கில விரிவுரையை எதிர்கொள்கின்றனர். இதனைக் கொண்டு ஆங்கிலப் போதனையை முற்றாக நிராகரித்தல் முறையாகாது. ஆங்கிலத்துக்கு ஆதரவாகக் கூறப்படும் வாதங்கள் வலுவுள்ளவை. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்பதற்கு அது பொதுவான தளமாகின்றது. வட்டார மொழியில் மட்டும் கற்றுத் தொழிலின்றி அலைந்த தலைமுறையின் துயரமும் கண்முன் உண்டு. வசதியுள்ளோர் தனியார் பாடசாலைகளில் ஆங்கிலம் பெற்றுவிட, ஏழைப் பிள்ளைக்கு மட்டும் தாய்மொழிப் பெருமையை உபதேசித்தல் ஒருவகை ஏமாற்றுமாகும். ஆகவே வினா ஆங்கிலம் வேண்டுமா, வேண்டாமா என்பதன்று. ஆங்கிலம் பல்கலைக்கழகம் வழங்கும் கல்வியின் பகுதியா, அன்றி அதனுட் புக அறவிடப்படும் நுழைவுக் கட்டணமா என்பதே. ஆங்கிலத்தைப் படிப்படியாகக் கொடுத்து ஏற்றும் பொறுப்பைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளின் அது ஏணியாகும், ஏற்காவிடின் மதிலாகும்.

லயத்தின் சர்வதேசத் தன்மை

சர்வதேசமயமாக்கம் பற்றிய திட்டங்கள் பெரும்பாலும் ஓர் எடுகோளிலிருந்து தொடங்குகின்றன. உலகம் வெளியே உள்ளது. பல்கலைக்கழகம் அதனை உள்ளே கொண்டுவருதல் வேண்டும் என்பதே அது. ஊவாவைப் பொறுத்தவரை இவ்வெடுகோள் பிழையானது. உலகம் ஊவாவுக்குள் நுழைந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1867இல் லூல்கந்துறையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை ஊவாவின் மலைகளையும் எட்டியது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்திலே தோட்டங்களை வாங்கினார். 1924இல் இருப்புப்பாதை பதுளையை அடைந்தது. சீனத்துச் செடி, அசாமியச் செடி, ஸ்கொத்துலாந்து முதலாளி, இலண்டன் ஏலம், தமிழ்நாட்டு உழைப்பு என ஐந்து நாட்டுக் கூறுகள் ஒரு மலைச்சரிவிலே சந்தித்தன. இலங்கையின் எப்பல்கலைக்கழக விடுதியை விடவும் ஊவாவின் லயம் சர்வதேச வரலாறு செறிந்தது எனின் மிகையன்று.

அவ்வுறவு இன்றும் அறவில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்கெனத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியிலே தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் இலங்கை மலையகத்திலிருந்து சென்ற குடும்பங்கள் குடியேறின. கடலின் இரு கரையிலும் ஒரே குடும்பத்தின் கிளைகள் ஒரே பயிரைப் பறித்தன. அண்மைக்காலத்தில் பதுளை, மொனராகலை மாவட்டங்களிலிருந்து பெண்கள் பலர் வீட்டுப் பணியாளராக மேற்காசிய நாடுகளுக்குச் செல்கின்றனர். மாணவர், ஆசிரியர் இடப்பெயர்வைப் பற்றித் திட்டங்கள் விரிவாகப் பேசுகின்றன. தம் அயலில் நிகழும் இப்பெரும் இடப்பெயர்வு அவற்றின் கண்ணில் சர்வதேசமாகத் தோன்றுவதில்லை. காரணம் வெளிப்படை. ஒன்று கற்றோரின் பயணம். மற்றது கல்லாதோரின் பயணம்.

இம்மக்களின் வாழ்வை உலகறியச் செய்தவற்றுள் இலக்கியம் முக்கியமானது. பதுளை மாவட்டத்து ஊவாத் தோட்டமொன்றில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப் போன்ற படைப்பாளிகள் தோட்டத்து வாழ்வின் நுட்பங்களை எழுத்தில் வடித்தனர். தமிழ்நாட்டிலும் பிற நாடுகளிலும் உள்ள தமிழ் வாசகர் ஊவாவை அறிந்தது பெரும்பாலும் இத்தகைய எழுத்துகளின் மூலமேயாம். எத்திட்டமும் தீட்டாமலே இவ்வெழுத்துகள் செய்த சர்வதேசப் பணி இது.

மால்மோவின் படிப்பினை

இவ்விடத்தே பிறநாட்டு அனுபவம் ஒன்று ஒப்புநோக்கத்தக்கது. சுவீடன் நாட்டின் மால்மோ நகரில் 1998இல் புதிய பல்கலைக்கழக நிறுவனமொன்று தொடங்கப்பெற்றது. புதிதாகப் பிறந்த அதற்குப் பழைய பல்கலைக்கழகங்களுக்கு இருந்தது போன்ற வெளிநாட்டுத் தொடர்புகள் இல்லை. மாணவரை அனுப்பவும் பெறவும் பங்காளிகள் இல்லை. சர்வதேச விடயங்களுக்குப் பொறுப்பாயிருந்த பெங்ற் நில்சன் தம் நகரையே நோக்கினார். பல நாடுகளிலிருந்து குடிவந்தோர் நிறைந்த நகரம் அது. உலகம் வாயிலிலேயே நிற்க, அதனைத் தேடிக் கடல் கடப்பானேன் என்ற எண்ணத்திலிருந்து, வெளிநாடு செல்லாத பெரும்பான்மை மாணவருக்கும் உலக அறிவை உள்ளூரிலேயே வழங்கும் கோட்பாடு பிறந்தது. தாயகத்துச் சர்வதேசமயமாக்கம் எனப் பின்னர் உலகெங்கும் எடுத்தாளப்பட்ட கருத்து இவ்வாறு ஒரு புதிய நிறுவனத்தின் இல்லாமையிலிருந்தே முளைத்தது.

மால்மோவுக்கும் பதுளைக்கும் வசதியில் ஒப்புமை இல்லை. நிலைமையில் ஒப்புமை உண்டு. இரண்டும் புதிய நிறுவனங்கள். இரண்டினதும் சுற்றாடலில் குடிபெயர்ந்தோரின் சந்ததியினர் வாழ்கின்றனர். ஆகவே ஊவாவுக்குரிய சர்வதேசமயமாக்கம் எவ்வாறு அமையலாம் என்பதைச் சிலவாகக் கோடிட்டுக் காட்டலாம்.

முதலாவது, கூட்டுறவுக்குத் தெரிந்தெடுக்கும் பங்காளிகள் பற்றியது. தரவரிசையில் உயர்ந்த பெயர்களை நாடுதல் மட்டும் திட்டமாகாது. தேயிலைக் கல்விக்கென ஒரு துறையைக் கொண்ட ஜோர்ஹாட் நகரத்து அசாம் விவசாயப் பல்கலைக்கழகம், கென்யாவின் கெரிச்சோத் தேயிலைப் பிரதேசத்தில் அமைந்த கபியங்கா பல்கலைக்கழகம், நீலகிரியை அண்மித்த தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆகியனவே ஊவாவின் இயல்பான உறவினர். அங்கும் தேயிலை, அங்கும் தொழிலாளர், அங்கும் நிலம், கூலி, கல்வி பற்றிய அதே வினாக்கள். தோட்டப் பிரதேசங்கள் தமக்குள் அறிவைப் பகிர்ந்துகொள்ளும் நாளில், இலண்டன் வழியாக மட்டும் ஒன்றையொன்று அறிந்த காலம் முடிவுறும்.

இரண்டாவது, கற்கைநெறி பற்றியது. தேயிலையைக் கற்கும் மாணவர் அதன் இரசாயனத்தோடு அதன் வரலாற்றையும், அதன் சந்தையோடு அதன் தொழிலாளரையும் கற்றல் வேண்டும். சிங்கள மாணவர் சிறிது தமிழும் தமிழ் மாணவர் சிறிது சிங்களமும் தோட்டத்திலும் கிராமத்திலும் பழகிக் கற்றலும் பல்பண்பாட்டுக் கல்வியே.

மூன்றாவதும் முதன்மையானதும் அனுமதி பற்றியது. பசறை, பண்டாரவளை, அப்புத்தளை, மொனராகலை ஆகிய இடங்களின் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞான, கணிதக் கற்பித்தலுக்குப் பல்கலைக்கழக ஆசிரியரும் மூத்த மாணவரும் கைகொடுத்தலும், தெரிவானோருக்கு ஆங்கில ஆயத்தக் கற்கையொன்றைத் தாராளமாக வழங்கலும் இயலாத கருமங்களல்ல. அதற்கென ஒரு குறிகாட்டியையும் திட்டத்தில் எழுதுதல் வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை வெளிநாட்டார் வந்தனர் என்று எண்ணப்படும் அதே பக்கத்தில், எத்தனை தோட்டத்துப் பிள்ளைகள் வந்தனர் என்பதும் எண்ணப்படுமாயின் திட்டத்தின் பார்வை தானே திரும்பும்.

இத்தகைய திட்டம் பல்கலைக்கழகத்தைச் சிறுவட்டத்தினுள் ஒடுக்கிவிடும் என ஆட்சேபிப்போர் இருக்கலாம். பல்கலைக்கழகம் நாட்டுக்குரியது, மாகாணத்துக்கு மட்டும் உரியதன்று என்பது அவர் வாதம். அது உண்மையே. ஆயின் உள்ளூர்த் தேவையிலிருந்து எழுந்த அறிவு உள்ளூரோடு நின்றுவிடுவதில்லை. மொனராகலை மாவட்டத்துப் பிபிலை என்னும் ஊரின் பெயரைத் தம் பெயரிற் கொண்ட பேராசிரியர் சேனக பிபிலை இதற்குச் சான்றாவார். வறிய நாட்டு நோயாளி மருந்தைக் கட்டுபடியாகும் விலையிற் பெறல் வேண்டும் என்ற எளிய தேவையே அவரது மருந்துக் கொள்கையின் தோற்றுவாய். 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் மூலம் இலங்கையில் செயல்வடிவம் பெற்ற அச்சிந்தனை மூன்றாம் உலக நாடுகளுக்கு வழிகாட்டியாயிற்று. ஐக்கிய நாடுகள் பணியில் ஈடுபட்டிருந்த வேளையிலேயே 1977இல் கயானாவில் அவர் மறைந்தார். உலகின் தரத்தைப் பின்பற்றியதனால் அவர் சர்வதேச அறிஞராகவில்லை. தம் நாட்டின் வினாவை உலகின் வினாவாக்கியதனாலேயே ஆனார்.

ஊவாவிலும் அத்தகைய வினாக்கள் உள்ளன. ஏற்றுமதிப் பயிரை நம்பிய மக்கள் எவ்வாறு வாழ்தல் வேண்டும், குடிபெயர்ந்தோரின் சந்ததி எவ்வாறு சமத்துவம் பெறல் வேண்டும், இரு மொழி பேசும் ஏழைகள் எவ்வாறு ஒன்றுபட்டுக் கற்றல் வேண்டும் என்பன பதுளைக்கும் மொனராகலைக்கும் மட்டும் உரிய வினாக்களல்ல. அசாமுக்கும் கென்யாவுக்கும் உரியவை. இவற்றுக்கு விடை தேடும் பல்கலைக்கழகத்தை நாடி உலகத்தார் தாமாகவே வருவர். அவ்விடையைத் தேடுவோருள் கொழுந்துக் கூடை சுமந்தவளின் மகளும் இருத்தல் வேண்டும். அவள் அமர்வதற்கு ஓர் ஆசனத்தை ஒதுக்காத திட்டம், எத்தனை நாடுகளோடு உடன்படிக்கை செய்துகொள்ளினும், பசறை வீதியைக் கடக்கத் தெரியாத திட்டமேயாகும்.